படம் வரட்டும்

எழுபத்து நான்காம் வருஷம் ஆவணி மாதம் தேனியில் நடந்த இறுதி ஆட்டத்தில் கம்பம் அணி உத்தமபாளையத்திடம் ஒரு கோல் வாங்கித் தோற்றது. வாங்கியவன் நான். பெயர் சங்கிலி, கம்பம் அணியின் கோல்கீப்பர். பழியைச் சுமந்தவன் இப்ராஹிம், கோலுக்கு முன்னால் நின்று தடுத்தாடும் எங்கள் பேக். நாங்கள் இருவரும் ஒரே தெருவில் பந்து உதைத்து வளர்ந்தவர்கள். ஒருவனை ஒருவன் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். இதை நான் வெளியில் சொல்ல நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அதிலிருந்தே என் யோக்கியதை உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருந்தது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. உத்தமபாளையத்தார் ஒரு கல்யாண பேண்டு செட்டையே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள். பந்து எங்கள் பக்கம் வந்தாலே டிரம்மும் ஊதலும் காதைக் கிழிக்கும். நடுக்கோட்டிலிருந்து ஒரு நீளப் பந்து உருண்டு வந்தது. அதைத் துரத்தி வந்தவன் அவர்களுடைய சென்டர் பார்வர்டு முகைதீன். இப்ராஹிம் அவனுக்கு ஒரு கஜம் முன்னால் பந்திடம் போய்விட்டான். ஒரே உதையில் பந்து வெளியே போயிருக்கும். அந்த நேரம் பார்த்து நான் கோலை விட்டு வெளியே ஓடிவந்து "கீப்பர்!" என்று அடித்தொண்டையிலிருந்து கத்தினேன்.

எங்கள் கோச் குருசாமி பட்டாளத்தில் இருந்தவர். கீப்பர் என்று நான் கத்திவிட்டால் பந்து என்னுடையது, மற்றவன் காலை எடுத்துவிட வேண்டும். மீறித் தொட்டால் மறுநாள் வெயிலில் மைதானத்தை இருபது சுற்று ஓட வைப்பார். இப்ராஹிம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். உதைக்கத் தூக்கிய காலை இழுத்துக்கொண்டு ஒதுங்கினான்.

ஓடி வந்த நான் நடுவில் நின்றுவிட்டேன். முகைதீன் ஆறடி ஆள், இரும்பு மாதிரி முழங்கால். அதற்கு முந்தின வருஷம் அந்த முழங்கால் பட்டு ஒருவனுக்குத் தாடை உடைந்தது. அது ஞாபகம் வந்து பயந்துவிட்டேன். இரண்டே எட்டுதான் தயங்கினேன். அதற்குள் முகைதீன் கால் நுனியால் பந்தைத் தட்டி என் கையைத் தாண்டி உள்ளே விட்டுவிட்டான்.

நான் மண்ணில் கிடந்தபடியே இப்ராஹிமைப் பார்த்துக் கத்தினேன். "ஏலே, ஏன்டா விட்ட?"

அவன் திகைத்துப்போய் நின்றான். "நீதான மாப்ள கூப்ட்ட?"

"நான் எப்படா கூப்ட்டேன்?"

யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. வாய் முந்திக்கொண்டது. ஆனால் சொன்ன பிறகு யோசிக்க எனக்கு எவ்வளவோ நேரம் இருந்தது, அப்போதும் நான் மாற்றிச் சொல்லவில்லை. பேண்டு சத்தத்தில் வேறு எவனுக்கும் என் குரல் கேட்டிருக்கவில்லை.

முகைதீன் யாரோ எவனோவாக இருந்திருந்தால் இது ஒரு வாரப் பேச்சோடு போயிருக்கும். அவன் இப்ராஹிமுடைய மனைவி சுல்தான் பீவியின் கூடப்பிறந்த அண்ணன். மறுநாளே ஊர் வாய் திறந்துகொண்டது. "மச்சானுக்குக் கோலைச் சீர் வச்சுட்டான்யா" என்றார்கள். இப்ராஹிம் வேலை பார்த்த சைக்கிள் கடைக்கு வேண்டுமென்றே பஞ்சர் ஒட்ட வந்து, "காத்து நல்லா அடிப்பா, பாதியில விட்டுறாத" என்று சிரித்துவிட்டுப் போனார்கள். நம் ஆட்களுக்குக் கிண்டல் செய்யச் சொல்லியா தர வேண்டும்?

இதில் ஒரு வேலை விஷயமும் இருந்தது. மதுரையில் ஒரு மில்லில் கால்பந்து அணி வைத்திருந்தார்கள். கம்பத்திலிருந்து ஒரே ஒரு ஆளை அனுப்புங்கள், வேலை போட்டுத் தருகிறோம், கோல்கீப்பரோ பேக்கோ யாராக இருந்தாலும் சரி, உங்கள் கடிதம் போதும் என்று குருசாமிக்கு எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் இப்ராஹிமுக்குத்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். கம்பம் பள்ளத்தாக்கிலேயே அவன் மாதிரி பேக் கிடையாது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்து ஆறு வருஷமாக அப்பாவின் அரிசிக்கடையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் ஆசை இல்லாமலா இருக்கும்?

"படம் வரட்டும். அதப் பாத்துட்டு லெட்டர் எழுதுறேன்" என்றார் குருசாமி.

படம் என்றது, போடி ஏலக்காய் வியாபாரி கர்ணன் எடுத்த படத்தை. அவர்தான் எங்கள் கிளப்பின் தலைவர். மலேயாவிலிருந்து மச்சினன் கொண்டுவந்து கொடுத்த ஒரு சின்ன சினிமாக் கேமரா அவரிடம் இருந்தது. பட்டாளத்தில் ஆட்டத்தைப் படம் பிடித்து, அதைப் போட்டுக் காட்டித்தான் தப்பைத் திருத்துவார்கள் என்று குருசாமி அவரிடம் ஒரு வருஷமாகச் சொல்லி, இறுதி ஆட்டத்தைப் படம் எடுக்க வைத்தார். மூன்று நிமிஷம் ஓடும் சுருள்கள் நான்கு. அவற்றைக் கழுவ பம்பாய்க்குக் கர்ணன் அனுப்பியிருந்தார். வர ஆறு வாரம் ஆகும் என்றார்கள்.

அந்த ஆறு வாரமும் இப்ராஹிமுக்குத் தைரியம் கொடுத்தது அந்தப் படம்தான். கிண்டல் செய்தவனிடமெல்லாம் ஒரே பதில்தான். "படம் வரட்டும்ணே. சங்கிலி கத்துனது அதுல கேக்கும்ல, அப்பப் பேசுங்க."

அவன் மட்டுமல்ல, நாங்கள் எல்லோருமே அப்படித்தான் நினைத்தோம். எங்களுக்குத் தெரிந்த படம் டூரிங் கொட்டகைப் படம். அதில் வசனம் உண்டு, பாட்டு உண்டு, குதிரை ஓடினால் குளம்புச் சத்தம் உண்டு. படம் என்றால் பேசும். கேமரா பார்த்ததைக் காட்டும், கேட்டதைச் சொல்லும். அதில் சந்தேகப்பட எங்களுக்கு ஒன்றும் இல்லை. நான் ஆறு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. தபால்காரரைக் கண்டால் கடைக்குள் போய் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். பம்பாயில் அந்தப் பார்சல் தொலைந்துபோக வேண்டும் என்று சுருளி அருவிக்குப் போய்க் குளித்து வேண்டிக்கொண்டு வந்தேன். சாமியிடம் கேட்கிற வரமா அது?

பார்சல் தொலையவில்லை. ஐப்பசி முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் பதினோரு பேரும் போடிக்குப் பஸ் ஏறினோம். கர்ணன் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் ஜன்னல்களைச் சாக்கு போட்டு அடைத்து, ஒரு சுவரில் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார். ஏலக்காய் வாசம் மூக்கில் ஏறியது. மூட்டைகள் மேல் உட்கார்ந்தோம். இப்ராஹிம் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தான். அவன் முகத்தில் அன்று அவ்வளவு தெளிவு. கல்யாணத்தன்று அவனைப் பார்த்தது போல இருந்தது எனக்கு.

குருசாமி எழுந்து நின்று வழக்கமான விதியைச் சொன்னார். ஆட்டம் முடிந்து உட்கார்ந்து பேசும்போது அவரிடம் ஒரு முறை உண்டு. ஒவ்வொருவனும் எழுந்து தன் தப்பைத் தானே சொல்ல வேண்டும். அடுத்தவன் தப்பைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. அதுவரை ஆட்டக்காரர்களுக்குப் பதிலாகக் கூழாங்கற்களைப் பரப்பி வைத்துச் செய்ததை இனி படம் பார்த்துச் செய்யப்போகிறோம், அவ்வளவுதான்.

கர்ணனும் ஒரு எச்சரிக்கை சொன்னார். "மெஷினு ஓடிக்கிட்டே இருக்கணும்ப்பா. நடுவுல நிறுத்துனா பல்பு சூட்டுல பிலிம் கருகிப் போகும். திரும்பப் பாக்கணும்னா சுத்தித்தான் போடணும்."

விளக்கை அணைத்தார்கள். சுவரில் தேனி மைதானம் தெரிந்தது. முதலில் எல்லோரும் குழந்தைகள் மாதிரி சிரித்தோம். எங்கள் அணியின் செல்வமணி தன் வழுக்கையைப் பார்த்து அவனே அதிர்ந்து போனான். பேண்டுக்காரன் கன்னம் உப்ப ஊதினான். ஆனால் கிட்டங்கியில் மெஷின் கடகடவென்று ஓடும் சத்தத்தைத் தவிர வேறு எதுவும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு இப்ராஹிம் திரும்பினான். "அண்ணே, சத்தத்தக் கொஞ்சம் வைங்கண்ணே."

"சத்தமா?" என்று கர்ணன் சிரித்தார். "இதுக்கேதுப்பா சத்தம்? இது ஊமப் படம்."

இப்ராஹிம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு மெதுவாகச் சுவர்ப் பக்கம் திரும்பினான். எனக்கு அந்த நிமிஷம் வந்த நிம்மதியை இன்றைக்கு நினைத்தாலும் கூசுகிறது. மூட்டையில் சாய்ந்து ஆறு வாரத்துக்குப் பிறகு நன்றாக மூச்சு விட்டேன்.

மூன்றாவது சுருளில் அந்தக் கோல் வந்தது. பந்து உருண்டு வருகிறது. இப்ராஹிம் முதலில் போய்ச் சேருகிறான். காலைத் தூக்குகிறான். திரும்பிக் கோலைப் பார்க்கிறான். காலை இழுத்துக்கொண்டு ஒதுங்குகிறான். முகைதீன் உள்ளே தட்டுகிறான். சத்தம் இல்லாமல் பார்த்தால் அது ஒன்றைத்தான் சொல்லியது. கீப்பர் எங்கே நிற்கிறான் என்று பார்த்துவிட்டு மச்சானுக்கு வழிவிட்டவன் மாதிரிதான் இருந்தது. நடந்ததை அறிந்த எனக்கே அப்படித்தான் தோன்றியது என்றால் மற்றவர்களைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? யாரோ இருட்டில் "ச்சே" என்றார்கள்.

கர்ணன் சுற்றி மறுபடியும் போட்டார். இந்தத் தடவை நான் பந்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தேன். கர்ணன் நடுக்கோட்டுப் பக்கம் மைதானத்து ஓரமாக நின்று எடுத்திருந்ததால் என் முகம் தெரிந்தது. கட்டைவிரல் அளவு உருவம்தான். ஆனால் ஓடி வருகிற அந்த உருவத்தின் வாய் நன்றாகத் திறந்திருந்தது. பிளந்த வாய் கறுப்பாகத் தெரிந்தது.

இப்ராஹிமும் பார்த்துவிட்டான். துள்ளி எழுந்தான். "கோச், இன்னொருக்கப் போடச் சொல்லுங்க. பந்தப் பாக்காதீக. சங்கிலி மூஞ்சியப் பாருங்க, வாயப் பாருங்க!"

"போடுங்க கர்ணன்" என்றார் குருசாமி. சுவருக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

அடுத்து நான் செய்ததை வாய் தவறியது என்று சொல்ல முடியாது. தெரிந்தே செய்தேன். பந்து உருண்டு வந்தது. இப்ராஹிம் காலைத் தூக்கினான். நான் எழுந்து, "அங்கனதான்! நிறுத்துங்கண்ணே, நிறுத்துங்க, பாப்போம்!" என்று கத்தினேன். என் குரலில் அவசரத்தைக் கேட்டு கர்ணனின் கை தானாக விசையைத் தட்டிவிட்டது. படம் ஒரு கணம் நின்றது. நடுவில் ஒரு பழுப்புப் பொட்டு தோன்றி, கொப்புளம் மாதிரி பெருகி, சுவர் முழுக்கப் பரவியது. கருகல் நாற்றம் வந்தது. கர்ணன் பதறிப்போய் பிலிமைக் கையால் பிடித்து இழுத்தார், அது மெஷினுக்குள் மாட்டிக் கிழிந்தது.

"சொன்னேன்ல! சொன்னேன்லடா!" என்று என்னைத் திட்டினார். கருகியதும் கிழிந்ததுமாக ஒரு சாண் நீளத்தைப் பிளேடால் வெட்டிப் போட்டுவிட்டு மீதியை ஒட்டினார். திரும்ப ஓட்டியபோது பந்து நடுக்கோட்டிலிருந்து உருண்டு வந்தது, அடுத்த நொடி முகைதீன் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நடுவில் ஒன்றும் இல்லை.

குருசாமி விளக்கைப் போடச் சொன்னார். "சரி, அவனவன் தப்பச் சொல்லுங்க."

செல்வமணி முதலில் எழுந்தான். பந்தைக் கொடுக்க வேண்டிய நேரத்தில் வைத்துக்கொண்டேன் என்றான். இன்னொருவன் மூச்சு வாங்கியது என்றான். இப்ராஹிம் முறை வந்தது. அவன் எழுந்து நின்றான். சட்டையில் ஏலக்காய்த் தூசி ஒட்டியிருந்தது.

"கீப்பர்னு கூப்ட்டான், விட்டேன். நீங்க சொல்லிக் குடுத்தபடிதான் செஞ்சேன். இதுல என் தப்பு என்னன்னு எனக்குத் தெரியல கோச்."

"எல்லாரும் இப்பப் பாத்தோம்ல இப்ராஹிம்?"

"படத்துல அவன் வாய் தொறந்திருந்துச்சு. நான் பாத்தேன்." அவன் என் பக்கம் திரும்பினான். "மாப்ள, நீயே சொல்லிருடா. ஒரு வார்த்தை."

நான் வாயைத் திறப்பதற்குள், திறந்திருப்பேனோ மாட்டேனோ தெரியாது, குருசாமி குறுக்கே வந்தார். "அவன எதுக்கு இழுக்குற? அவன் தப்ப அவன் சொல்லுவான். நீ உன் தப்பச் சொல்லு."

இப்ராஹிம் சொல்லவில்லை. நின்றுகொண்டே இருந்தான். சொல்லியிருந்தால் குருசாமி அன்றைக்கே மன்னித்திருப்பார், மனிதர் அப்படிப்பட்டவர்தான். தப்பைச் செய்தவனைவிட ஒத்துக்கொள்ளாதவன்மேல்தான் அவருக்குக் கோபம் வரும். "உக்காரு" என்றார் கடைசியில். அவன் பேரை அதற்குப் பிறகு அவர் சொல்லவே இல்லை.

நான் கடைசியாக எழுந்தேன். "ரெண்டு எட்டு தயங்கிட்டேன் கோச். தயங்காம வந்திருந்தா பிடிச்சிருப்பேன்" என்றேன். பொய் இல்லை, உண்மையின் பாதி. அந்தப் பாதிதான் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தது. குருசாமி என் தோளைத் தட்டி, "இதான் எனக்கு வேணும். அடுத்தவன் மேல போடாம தன் தப்பச் சொல்றான் பாரு" என்றார். இரண்டே வாரத்தில் மில்லுக்குக் கடிதம் போனது, என் பேரில்.

மதுரைக்குக் கிளம்பிய அன்று காலை கம்பம் பஸ் ஸ்டாண்டில் டிரங்குப் பெட்டியோடு நின்றேன். முக்காடு போட்ட ஒரு பெண் வேகமாக என்னிடம் வந்தாள். சுல்தான் பீவி. என்னை எப்போதும் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அவள் கையால் நான் சாப்பிட்ட பெருநாள் சோறு எத்தனையோ.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். எங்க வீட்டுக்காரவுக, எங்கண்ணன் மூஞ்சில முழிக்கக் கூடாதுன்னுட்டாக. தாய்வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னுட்டாக. மச்சானுக்கு விட்டான்னு தானே ஊரு சொல்லுது, எனக்கு மச்சானே இல்லங்கிறாக. எங்கம்மா அங்கன படுத்த படுக்கையா கெடக்கு. அவுக கேக்க மாட்டேங்கிறாக. நீங்க அன்னைக்குக் கூப்ட்டீகளா, கூப்பிடலையா?"

பஸ் உறுமிக்கொண்டிருந்தது. நான் அவளைப் பார்க்காமல் சொன்னேன். "கூப்ட்டேன்."

அவள் அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் முகத்தில் வந்தது சந்தோஷம். "அல்லாவே" என்றாள். "எனக்குத் தெரியும்ணே. அவுக பொய் சொல்ல மாட்டாக. ஊருக்குச் சொல்ல வேணாம், கோச்சுக்குச் சொல்ல வேணாம். உங்க வேலை உங்களுக்கே இருக்கட்டும். அவுக கிட்ட மட்டும் சொல்லிருங்க. உங்க வாயால கேட்டாகன்னா மனசு ஆறிரும், என்னைய அம்மாவப் பாக்க விட்டுருவாக. அந்தா வாராக பாருங்க."

இப்ராஹிம் டீக்கடையிலிருந்து ரோட்டைத் தாண்டி வந்துகொண்டிருந்தான். கறுத்து இளைத்திருந்தான். மனைவியை என்னோடு பார்த்ததும் நடை தயங்கியது, ஆனாலும் வந்தான். என் பெட்டியைப் பார்த்தான்.

"மதுரைக்கா?"

"ஆமா மாப்ள."

அவன் குனிந்து பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். பஸ்ஸின் பின் ஏணியில் ஏறினான். கூரைமேல் வைத்து, காய்கறிக் கூடைகளை நகர்த்தி இடம் பண்ணி, கயிற்றை இழுத்து இறுக்கிக் கட்டினான். சுல்தான் பீவி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் இறங்கி வந்தான், உள்ளங்கையைக் கைலியில் துடைத்தான், என் முன்னால் நின்றான்.

"பாத்துப் போ" என்றான்.

கண்டக்டர் விசில் ஊதினான்.

"வர்றேன்" என்று சொல்லிவிட்டு நான் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.